என் நடையைக் குதிரை நடந்தது மதினி

என் ஆசை மதினிக்கு,

ஆள் இருந்தால் "வாங்க மதினி" என்றும், ஆள் இல்லாவிட்டால் "வாடி" என்றும் கூப்பிட்ட உன் நாத்தனார் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் வாய் வராது. நான் தினமும் எவ்வளவு நடக்கிறேன் என்று பார்ப்பதற்கு உன் மகள் தேன்மொழி ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். அதை நான் குதிரையின் காலில் கட்டிவிட்டேன்.

ஒரு நாள் விளையாட்டுக்குக் கட்டினேன் என்று சொல்லத்தான் ஆசை. சீசன் முழுக்கக் கட்டினேன்.

நீ இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே என் தோளில் ஓங்கி ஒன்று போட்டிருப்பாய். நானும் எதையும் சிரிப்பாக்கிவிடுகிற ஆள்தான், உனக்குத் தெரியாததா. ஆனால் இதை மட்டும் சிரித்துத் தாண்ட முடியவில்லை மதினி. அதனால்தான் நாலாம் வகுப்போடு நின்ற கை பேனாவைப் பிடித்திருக்கிறது. பிழைகளைத் தேன்மொழி பார்த்துக்கொள்வாள். "போன்ல எல்லாரும் படிக்கிற மாதிரி போடப் போறேன் அத்தை, பரவாயில்லையா" என்று கேட்டாள். போடட்டும். குதிரையே பார்த்துவிட்டது, மனுஷர் படித்தால் என்ன.

உன்னைத் தெரியாதவர்களுக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மன்னவனூரிலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த மலை மேல் நாயுடுபுரம் வந்தாய். ஊர் சுற்ற வருகிறவர்கள் கூடும் ஏரிக்கரையில் நம் தள்ளுவண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. சுட்ட சோளம் உன்னுடையது, அவித்த சோளம் என்னுடையது. "பல்லு இருக்கவங்க எங்க மதினிகிட்டப் போங்க, இல்லாதவங்க இங்க வாங்க" என்று நான் கூவுவேன். வந்தவர்கள் ரோஷப்பட்டு உன்னிடமே வாங்குவார்கள். அப்படி நான் வளர்த்துவிட்ட வியாபாரம்தான் உன்னுடையது, அதை நீ கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

சர்க்கரை வியாதியும் நமக்கு ஒரே மாதத்தில்தான் தெரிந்தது. "எதையாச்சும் எங்கூடப் பங்கு போடாட்டி உனக்குத் தூக்கம் வராதா" என்று கேட்டேன். "உங்க அண்ணன மட்டுந்தான் முழுசா வச்சிருக்கேன், வேணும்னா அதையும் பிரிச்சுத் தாரேன்" என்றாய். ஆஸ்பத்திரி வரிசையே நம்மைத் திரும்பிப் பார்த்தது.

நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. வெள்ளனே எழுந்து சோளம் உரித்து, அடுப்பு மூட்டி, வண்டி தள்ளி, இருட்டும்வரை நின்றுவிட்டு, அதற்கு மேல் நடையா? உனக்கு இதோடு பாட்டு ஆசை வேறு. அம்மன் கோயில் முளைப்பாரிக்கு வருஷா வருஷம் அதே பழைய கும்மிப் பாட்டைப் பாடுகிறோம், ஒரு தரமாவது நாமே கட்டிய பாட்டுக்கு நம் தெருப் பெண்கள் கை தட்டிச் சுற்ற வேண்டும் என்றாய். நம் ஏரி, நம் சோளம், நம் வியாதி எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்றாய்.

"சோலியப் பாக்கவே பொழுது பத்தல. இதுல நடை வேற, பாட்டு வேறயா?"

"ஒரு அடுப்புல சோறு வேகயில இன்னொரு அடுப்புல கொழம்பு கொதிக்கலயா? நடந்துக்கிட்டே பாடுவோம்டி. காலு தாளம் போட்டுக்கிரும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கடை போடுவதற்கு முன்னால் ஏரியை ஒரு சுற்று. நீ பாட்டில் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பாய், அடுத்த அடியை நான் போட்டு முடிப்பேன். நம் வீட்டில் சண்டையும் அப்படித்தானே நடந்தது.

மஞ்சு எறங்குது ஏரியில – நம்ம
சோளம் வேகுது சட்டியில.

இது அப்படிப் பிறந்ததுதான். இன்னொரு நாள் மூச்சு வாங்கிக்கொண்டே "சக்கரை ஏறுது ரத்தத்துல" என்று எடுத்தாய். "டாக்டரு சத்தத்துல எறங்கிருமா" என்று நான் முடித்தேன். நீ சிரித்த சிரிப்பில் படகுத்துறைப் பக்கம் நின்ற குதிரை மிரண்டது. அந்தக் குதிரைதான். அப்போதே நம்மைக் கவனித்து வைத்திருக்கிறது போல.

கடைசியாக நாம் சேர்ந்து நடந்த காலையில், பாதி ஏரியில் ஓர் அடி எடுத்தாய். "காலு நடந்தா வழி கொறையும்." எனக்கு டீ நினைப்பு. "நாளைக்கு முடிக்கிறேன் மதினி, இப்ப வெரசா வா" என்றேன். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் உனக்கு நெஞ்சு வலித்தது. ஜீப் மலையிறங்கும்போது உன் தலை என் மடியில் இருந்தது. திரும்பி ஏறும்போது நான் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

நீ எடுத்த அடி முடிக்க ஆளில்லாமல் கிடந்தது.

அதன் பிறகு நான் நடக்கவில்லை. முதலில் வழியில் காட்டெருமை நிற்கிறது என்றேன். நாயுடுபுரத்தில் காட்டெருமை நிற்காத நாள் எது? பிறகு பனி என்றேன். பிறகு முழங்கால் என்றேன். உள்ளே கிடந்த நினைப்பை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நடந்தவளே போய்விட்டாள், இனி நான் நடந்து என்ன ஆகப் போகிறது என்பதுதான் அது. உன் சாவை எடுத்து என் சோம்பலுக்குப் போர்வையாகப் போர்த்திக்கொண்டேன். எழுதும்போதே கை கூசுகிறது.

தேன்மொழிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் திண்டுக்கல்லில் மருந்துக்கடை வேலையில் இருக்கிறாள். லீவுக்கு வந்தபோது அந்தக் கடிகாரத்தை என் கையில் கட்டி, போனில் ஏதோ செய்து, என் நடை திண்டுக்கல்லில் தெரியும்படி வைத்தாள். "அம்மா விட்ட எடத்துலருந்து நீங்க நடங்க அத்தை" என்றாள். பசித்தால் பன் தின்னக் கூடாது, பச்சைக் கேரட் தின்ன வேண்டும் என்று பூண்டியிலிருந்து கேரட் வரவும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாளே நான் குதிரைக்காரப் பாண்டியைக் கூப்பிட்டேன். அவன் குதிரைக்கு மின்னல் என்று பெயர். அது நடப்பதைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை நம்ப மாட்டார்கள். ஆனால் நாள் முழுக்க நடக்கும்.

"யக்கா, குதிரைக்கு ஏதுக்கா சக்கரை?"

"வந்துரக் கூடாதுன்னுதான் சொல்றேன். கட்டுலே."

சிவப்பு ரிப்பனில் சேர்த்து முன்னங்காலில் கட்டினான். யாராவது கேட்டால், "அதுக்கு டூட்டி முடியுற நேரம் தெரியணும்ல" என்பான். கூலியாகத் தினமும் மின்னலுக்கு என் கேரட். என் நடையையும் குதிரை நடந்தது, என் கேரட்டையும் குதிரை தின்றது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து சர்க்கரை போட்ட டீயைக் குடித்துப் பன்னைத் தின்றேன்.

சாயங்காலமானால் அந்தப் பிள்ளை போன் போடும். "அத்தை, நேத்தைவிட இன்னிக்கு ஜாஸ்தி. அம்மா பாத்தா எம்புட்டு சந்தோசப்படும்." நான் ம் போட்டேன். ஒரு நாள், "அம்மா பாட்டு என்னாச்சு" என்று கேட்டாள். "அது முடிஞ்சிருச்சுத்தா. நடக்க நடக்கத் தானா வருது" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மதினி, குதிரைக் காலில் கடிகாரம் கட்டியது கோமாளித்தனம். இது பாவம். நான் நிஜமாக முயலாமலும் இல்லை. கடையில் உட்கார்ந்தபடி அந்த அடியை எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை.

பிறகு தொடர்ச்சியாக லீவு விழுந்தது. ஏரியைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத கூட்டம். மின்னல் போட்ட சுற்றுக்கு அளவே இல்லை. அன்று சாயங்காலம் போன் வரவில்லை. நானும் வியாபாரத்தில் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் தேன்மொழியே வந்து நின்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை நெடுக ஓடி வந்திருக்கிறாள். என் ஒரு கையில் டீ, மறு கையில் பன். மின்னல் பக்கத்தில் நின்று கேரட்டுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள். அதன் காலைப் பார்த்தாள்.

"நேத்து நீங்க நடந்திருந்த நடையப் பாத்து, அம்மாவ நெனச்சுப் புத்தி பெரண்டு சுத்துறீங்கன்னு நெனச்சேன் அத்தை. நீங்களும் திடீர்னு போயிருவீங்களோன்னு பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தேன்."

பாண்டிதான் பேசினான். "பயப்படாத பாப்பா, குதிரை நல்லாத்தான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் தரையில் குந்தி, ரிப்பன் முடிச்சை அவிழ்த்து, கடிகாரத்தில் அப்பியிருந்த மண்ணைத் துப்பட்டாவால் துடைத்தாள். நிமிராமலே கேட்டாள். "பாட்டும் முடியலல்ல?"

"இல்லத்தா."

கடிகாரத்தை என் மணிக்கட்டில் கட்டவில்லை. உள்ளங்கையில் வைத்தாள். "கட்டுறதும் கட்டாததும் உங்க இஷ்டம் அத்தை. இனிமே நான் பாக்க மாட்டேன்." திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, பொழுது சாய்வதற்குள் ராசியாகியிருப்போம். அவள் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளையை இன்னொரு தரம் பதற விட்டிருக்கிறேன். நீ நம்பி விட்டுப்போன பிள்ளை. இதற்கு உன்னிடம் என்ன முகத்தோடு மன்னிப்புக் கேட்பது?

அதற்கு அடுத்த காலை நடந்தேன். நீ இல்லாமல் ஏரி பெரிதாகிவிட்டது மதினி. கால்வாசியிலேயே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கம்தான் தள்ளிக்கொண்டு போனது. பாதி ஏரியில், நீ நின்று எடுத்த அதே வளைவில், காலும் மூச்சும் ஒரே சீராக விழ ஆரம்பித்தன. உன் அடியை முணுமுணுத்தேன். அது கூப்பிட, என் அடி தானாக வந்து விழுந்தது.

காலு நடந்தா வழி கொறையும் – மதினி
குதிரை நடந்தா மானம் கொறையும்.

தேன்மொழிக்குப் போன் போட்டுப் பாடினேன். அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. போனைக் காதை விட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது, அப்படியே உன் சிரிப்பு. ஆனால் மன்னித்துவிட்டாள் என்று எழுத மாட்டேன். நான் நடப்பதை அவள் இன்னும் போனில் பார்ப்பதில்லை. கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. இந்தக் கடிதத்தை அவளுக்கு அனுப்பியதும் பார்ப்பாளோ என்னவோ.

மற்றபடி, அண்ணன் உன் வண்டியில் சோளம் சுடுகிறார். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை. வாங்குகிறவர்கள் சத்தமில்லாமல் என்னிடம் கொண்டுவந்து அவித்துத் தரச் சொல்கிறார்கள். சர்க்கரை இல்லாத டீ பழகிவிட்டது, குடித்த பிறகு முகத்தைச் சுளிப்பது மட்டும் நிற்கவில்லை. பாட்டுக்கு இன்னும் நாலைந்து அடி வேண்டும். இனி எடுக்கிற வேலையும் என் தலையில்தான். முடித்தே பழகியவளுக்கு எடுக்க வரவில்லை. நீ எங்கிருந்துடி எடுத்தாய்?

ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற முளைப்பாரியில் நம் பாட்டைத்தான் பாடுவோம். குதிரை அடியைப் பூசி மெழுக மாட்டேன், தெருப் பெண்கள் எல்லாரும் நிற்கும்போது நானே வட்டத்தின் நடுவில் நின்று பாடுவேன். தேன்மொழியும் கை தட்ட வருவாளா என்று தெரியாது. வராவிட்டாலும் பாடுவேன். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், நடப்பேன்.

நேற்றும் சோளத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, தின்ன ஒரு கட்டுக் கேரட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பாடியபடியே ஒரு சுற்று போனேன். முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் மின்னல் நின்றது. அதன் மேல் ஒரு புது மாப்பிள்ளை இருந்தார். போட்டோவுக்காக ஏறியவராம். பாண்டி டீ குடிக்க நகர்ந்த நேரத்தில் குதிரை கேரட்டைப் பார்த்துப் புறப்பட்டிருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது, என்னைக் கைடு என்று நினைத்துக்கொண்டு முழு ஏரியையும் சுற்றியிருக்கிறார். பாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் தேடிப் போயிருந்தான். அவர் மனைவி உன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். ஆறுதலுக்கு அண்ணன் ஒரு சுட்ட சோளம் கொடுத்திருந்தார். அதைக் கொடுத்த பிறகுதான் அழுகை கூடியதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

நீ எடுத்ததை முடிக்கிற உன் நாத்தனார்,
பஞ்சவர்ணம்