மீன் தொட்டிக்கு ஒரே ஷிஃப்ட்

மச்சான்,

சோப்பு போட்டுப் பார்த்தேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தும் பார்த்தேன்; கையிலிருந்து பாசி நாற்றம் போகமாட்டேன் என்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் இரண்டு தடவை மோந்துவிட்டு எழுந்துபோய் நின்றுகொண்டான். எல்லாம் உன் தொட்டியின் உபயம். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் பாசி மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

முதல் தடவை வந்தது நினைவிருக்கிறதா? கேஜிஎப் தங்கச் சுரங்கம் மூடி, பிள்ளைகளும் பெங்களூருக்குப் போனபின், ராபர்ட்சன்பேட்டையில் அந்தத் தொட்டியை வாங்கினாய். அடியில் மண், அதில் நாடா போல நீளும் செடிகள், நடுவே மீன்கள். கோரமண்டலில் உன் வீட்டு முன்னறையில் அதற்காக என் தங்கச்சி டிவியை நகர்த்திக் கொடுத்தாள். உலக வரலாற்றில் எந்த மனைவியும் செய்யாத தியாகம் அது.

நீயோ தொட்டி விளக்கை இரவும் பகலும் எரியவிட்டாய். வாழ்நாளெல்லாம் சுரங்க வாயில் நின்று, ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடித்தவன் அல்லவா! "கீழ ஆளு கீறப்போ எவனாச்சும் லைட்ட அணைப்பானா?" என்று கேட்பாய். மீன்களுக்கு மூன்று ஷிஃப்ட்!

பாசிக்கு அதைவிடப் பெரிய கல்யாணச் சாப்பாடு ஏது? கண்ணாடி பச்சை, கல் பச்சை, செடிகளின் மேல் சடை சடையாகப் பச்சை. மீன்கள் ஒன்றிடம் ஒன்று வழி கேட்டுத் திரிந்தன. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வாசலைத் தாண்டி, தண்டவாளத்தைப் பிடித்து, பங்காருப்பேட்டை வரை டிக்கெட் வாங்காமல் போயிருக்கும்.

"இன்னாங்க இது, மீன் தொட்டியா, கீரைத் தோட்டமா? ஞாயித்துக்கெழமைக்குள்ள தண்ணி தெளியணும். இல்லேன்னா தொட்டி கொல்லைக்குப் போவும். கூட நீங்களும்தான்" என்றாள் தங்கச்சி.

பாதிரியாரை அழைத்து ஜெபம் பண்ணலாம் என்றேன் நான். நீ நத்தைகளை வாங்கி வந்தாய். அவை வயிறு முட்டத் தின்று, குடும்பம் பெருக்கி, கடைசியில் பாசியோடு சமாதானமாகிவிட்டன. வேறு வழியில்லாமல் மீன் கடைக்காரரிடம் போய் நின்றோம்.

"லைட் ஜாஸ்தி சார், தீனியும் ஜாஸ்தி. எட்டு மணி நேரம் எரிஞ்சா போதும்" என்றார்.

உன் முகத்தில் சூரியன் உதித்தது. "அட, ஒரு ஷிஃப்ட்டுன்னு சொல்லுய்யா!"

அன்றிலிருந்து உன் தொட்டியில் பகல் ஷிஃப்ட் மட்டும். தீனி ஒரு சிட்டிகை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றி, பாசி பிடித்த இலைகளைக் கிள்ளி எறிவாய். சாயங்காலம் ஸ்பூனால் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டில் மணி அடித்து, "எல்லாரும் மேல வந்தாச்சு!" என்று அறிவித்த பிறகுதான் விளக்கை அணைப்பாய். தண்ணீர் எப்படித் தெளிந்தது தெரியுமா? எதிர்வீட்டுக்காரர் தொட்டி வழியாகவே உங்கள் குழம்பில் எத்தனை துண்டு என்று எண்ணிவிடுவார்.

நீ போனபின் உன் வீட்டு முன்னறை பழையபடி கீரைத் தோட்டமானது. நீ போன நாளிலிருந்து விளக்கு அணையவே இல்லை. செடிகள் பாசிச் சடைக்குள் மூச்சு முட்டின. நீ 'மேஸ்திரி' என்று பெயர் வைத்த கிழட்டு ஏஞ்சல் மீன் தூக்கமில்லாமல் மூலையில் சாய்ந்து நின்றது. அதுவும் போய்விட்டால் தங்கச்சி என்ன ஆவாளோ என்று எனக்குப் பயம். கண்ணாடியைச் சுரண்டினேன், இலைகளைக் கிள்ளினேன், தண்ணீரை மாற்றினேன். ஆனால் விளக்கு எரியும்வரை இதெல்லாம் வீண்வேலை.

"அணைச்சிடும்மா. மேஸ்திரி தூங்க வேணாவா?" என்றேன்.

"கை வரல ண்ணா. அணைச்சா அவுரு கீழயே மாட்டிக்கின மாதிரி கீது."

சமையலறைக்குப் போய் உன் ஸ்பூனைத் தேடி எடுத்து வந்தேன். உன்னைப்போலவே ஸ்டாண்டில் மணி அடித்தேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"கடைசி ஆளும்?"

"அவன்தான் முதல்ல வந்தான். டீ கேக்கறான்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஸ்விட்சை அணைத்தாள்.

பாசி இப்போது பின்வாங்குகிறது. மேஸ்திரி தீனிக்கு மேலே வருகிறது, அதே திமிரோடு. தினமும் சாயங்காலம் சாம்பியன் ரீப்ஸில் என் வீட்டிலிருந்து பஸ் பிடித்து மணி அடிக்கப் போகிறேன். சட்டைப் பையில் எட்டிப் பார்க்கும் ஸ்பூனைப் பார்த்து, "எங்க பெருசு, பாயசமா?" என்கிறார் கண்டக்டர்.

"டூட்டி" என்கிறேன். பொய்யில்லை. இந்த ஊரில் இன்னும் ஓடுகிற ஒரே சுரங்க ஷிஃப்ட் உன்னுடையதுதான்.