தண்ணீர் மேல் வெள்ளைத் தூசு

12 மார்ச்
அன்புள்ள அண்ணி,
வரும் இருபதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுக்கிறேன். நம் மொட்டை மாடித் தொட்டியில் அந்த நாடா இலை நீர்ச்செடி, ஆணும் பெண்ணுமாக, இரண்டு வருடம் வளர்ந்தும் ஒரு காய் பிடிக்கவில்லை. ‘ஆண் செடி பூப்பதே இல்லை, வேரோடித்தான் பரவுகிறது’ என்று முடித்துவிட்டேன். படிப்புக்கு அண்ணன் வைத்த கெடுவும் இந்த மாதத்தோடு சரி.
நான் விடுதியில் இருக்க, தினமும் படியேறியது நீங்கள்தான். நன்றியுரையில் சேர்க்க வேண்டும், என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.
உங்கள் வாலு

15 மார்ச்
என் வாலுக்கு,
என்னைப் போய்ப் புத்தகத்தில் போடுகிறாயா? வற்றிய அளவுக்குத் தண்ணீர் விட்டேன், அவ்வளவுதான். காலையில் தண்ணீர் மேல் ஊசிமுனையளவு வெள்ளைத் தூசு பரவிக் கிடக்கும். தூசு கண்டால் என் கை சும்மா இருக்குமா? டீ வடிகட்டியால் ஒன்று விடாமல் அள்ளிவிடுவேன். இதையும் எழுதிக்கொள்.
அண்ணி

18 மார்ச்
அன்புள்ள அண்ணி,
உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் கோபத்தில் அழுதேன். நீங்கள் அள்ளியது தூசு இல்லை, ஆண் பூக்கள். அடியில் கழன்று மேலே வந்து மிதக்கும். நீளக் காம்பில் ஏறி நிற்கும் பெண் பூவில் போய் ஒட்டினால்தான் காய்.
லீவில் வந்தபோதெல்லாம் தொட்டி பளபளவென்று இருந்ததைப் பார்த்து, பூக்கவில்லை என்று எழுதிக்கொண்டவள் நான். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. பெரிய பொய்யில் கையெழுத்துப் போட இருந்தேன், காப்பாற்றினீர்கள். இந்த நன்றியை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்?
ஆனால் இன்னும் ஒரு வருடம் வேண்டும். அண்ணனிடம் கேட்க வாய் வரவில்லை.
வாலு

30 ஏப்ரல்
என் வாலுக்கு,
வெட்கத்தில் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. ஆனால் உன் கடிதம் வந்த பத்தாம் நாளே உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “உன் சுத்தத்துல என் தங்கச்சிக்கு ரெண்டு வருஷம் போச்சா?” என்றார். “பறிகொடுத்தவளே என்னைத் திட்டலை. நீங்க ஒரு வருஷம் பொறுக்க மாட்டீங்களா?” என்றேன். மறுநாளிலிருந்து அவரே தொட்டிக்குக் காவல். என்னைக் கிட்டவே விடுவதில்லை.
திட்டாமல் நன்றி சொன்னாயே, அதற்கு நான்தான் உனக்குக் கடன்பட்டவள்.
இன்று காலை ஒரு பெண் பூவைக் காணவில்லை. பதறிப்போய் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நேராக நின்ற காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, பூவை அடிக்கு இழுத்துப் போயிருந்தது. அதன் கீழே பச்சையாகக் குட்டிக் காய்.
உன் அண்ணன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. “எத்தனை வருஷம் வேணும்னாலும் படிக்கட்டும்” என்றார், தண்ணீர் அசைந்துவிடக் கூடாதென்று மிக மெதுவாக.
அண்ணி