மயக்கம் தெளியும் வரை

மரியே வாழ்க
திக்லிபூர்
8.6.1964

அன்புள்ள கிளாராவுக்கு,

இரண்டு வருஷமாக எழுதாதவன் எழுதுகிறேன். கோபமிருந்தால் பிறகு காட்டு.

சிசிலியாவுக்கு அடிவயிற்றில் வலது பக்கம் வலி விட்டுவிட்டு வருகிறது. குடல்வால் என்றும், போர்ட் பிளேருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யவேண்டும் என்றும் கம்பவுண்டர் சொல்கிறார். சின்னவனுக்கு மணல்வாரி அம்மை, கப்பலில் ஏற்ற மாட்டார்கள், அவனை விட்டுவிட்டு நானும் வரமுடியாது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவோடு நம் மகளை அனுப்புகிறேன். நீ அங்கே நர்ஸாக இருக்கும் தைரியத்தில்தான் அனுப்புகிறேன். அந்த வேலைக்காக உன்னோடு சண்டை போட்டவன் இதைச் சொல்கிறேன். பிள்ளை பசி தாங்கமாட்டாள், உனக்குத் தெரியும்.

ஜேசுதாசன்

போர்ட் பிளேர்
13.6.1964

அன்புள்ள சிசிலியா அப்பாவுக்கு,

மகள் உயிரோடு இருக்கிறாள். மற்றதை அதற்குப் பிறகு படியுங்கள்.

நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோளாறு வந்தது அதற்குப் பின்னால்தான். மயக்கம் தெளியட்டும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நினைவு வருவதற்கு முன்பே வாந்தி வந்துவிட்டது. மயக்கத்தில் இருப்பவர்களுக்கு இருமி வெளியே தள்ளத் தெரியாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உதடு நீலமானது. ஒருக்களித்துப் போட்டுத் தலையைத் தாழ்த்தித் தாடையை முன்னால் இழுத்துப் பிடித்தேன். டாக்டர் ஓடிவந்து குழாய் விட்டு உறிஞ்சி ஆக்சிஜன் வைத்தார். நான் அவள் கையை விடாமல் நிற்பதைப் பார்த்து, "இப்ப நீ நர்ஸ் இல்ல, வெளியே நில்லு" என்று அனுப்பிவிட்டார்.

வராந்தாவில் நின்றேன். வங்காளி ஆயா கதவைத் திறந்து, "பச்சி ரோ ரஹி ஹை, சிஸ்டர்" என்றாள். பிள்ளை அழுகிறாளாம். அழ மூச்சு வேண்டுமல்லவா? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காய்ச்சல் அதிகம். வலது நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது. பென்சிலின் போடுகிறோம். இனி என்ன ஆகும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வாந்தியில் பிஸ்கட் இருந்தது, ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்கவேண்டும். பொன்னம்மாவைக் கேட்டேன், அவள் துணி மூட்டையைக் கட்டப் போய்விட்டாள். இந்தக் கப்பலில் ஊருக்கு வருகிறாள். கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். ஜெபம் செய்யுங்கள்.

கிளாரா

திக்லிபூர்
24.6.1964

கிளாரா,

பொன்னம்மா கொண்டுவந்த கடிதத்துக்குப் பிறகு இன்றுதான் அடுத்த கப்பல் வந்தது, அதில் உன் கடிதம் இல்லை. கடல் மோசம், தபால் பை அடுத்த கப்பலில் வரும் என்கிறார்கள். தந்தி ஆபீசிலும் ஒன்றுமில்லை. துக்கச் செய்தியை நேரில் சொல்ல யாரையாவது அனுப்பியிருப்பாயோ என்று, கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன்.

பொன்னம்மாவைத் திட்டாதே. பிள்ளை பசி என்று அழுதால் ஏதாவது கொடு, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். பிஸ்கட் கொடுத்ததைச் சொல்லி அவள் என் முன்னால் அழுதாள்.

பிழைத்தால் அவள் உன்னிடமே இருக்கட்டும். நான் கேட்கமாட்டேன். இருக்கிறாளா என்று மட்டும் எழுது.

ஜேசுதாசன்

போர்ட் பிளேர்
2.7.1964

அன்புள்ள சிசிலியா அப்பாவுக்கு,

இருக்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டது. இருமும்போது தையலைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். கஞ்சி போதுமென்று சொல்வதேயில்லை. பொன்னம்மா போன பிறகும் ஒரு கடிதம் எழுதினேன், அது எந்தத் தபால் பையில் கிடக்கிறதோ.

பிஸ்கட்டை நினைத்து வேகாதீர்கள். அன்று காலை வேறு வார்டில் எனக்கு டியூட்டி. வாய்க்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று பொன்னம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஏன் கூடாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் கொடுத்திருப்பாளா? இதை அவளிடமும் சொல்லுங்கள்.

பிழைத்தால் உன்னிடமே என்று எழுதியிருக்கிறீர்கள். பயத்தில் எழுதிய வார்த்தையை நான் பிடித்துக்கொள்ள மாட்டேன். அவள் அப்பா எங்கே என்று கேட்கிறாள்.

ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்கிறார் டாக்டர். டெலானிபூரில் எனக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். சின்னவனுக்கு மணல்வாரி இறங்கியதும் அவனையும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

திரும்பிப் போகும்போது எத்தனை டிக்கெட் எடுப்பது என்பதை இங்கே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

உங்கள்
கிளாரா