டச்சு பேசுபவர் வரவும்

அண்ணி,

நேற்று உங்கள் பீரோவை ஒழித்தேன். அண்ணன் மனசு வராமல் ஒரு வருஷமாகப் பூட்டியே வைத்திருந்தார். அடித்தட்டில் சேலைகளுக்குக் கீழே விரித்திருந்த தாளை உதறப்போனேன். அதன் பின்பக்கம் உங்கள் கையெழுத்து. டச்சு மொழியில் மூன்று வரி, கீழே நம் வீட்டு விலாசம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடை மெஷின் கண்ணாடியில் இருந்த கீறல் அது.

அந்த மூன்று வரிக்கும் நீங்கள்தான் அர்த்தம் சொன்னீர்கள். ‘டச்சு பேசுவீர்களா? எங்கள் வீட்டுக்கு வாருங்கள், காபி தருகிறேன். ஒரு மணி நேரம் பேசினால் போதும்.’ இதென்ன பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று நான் கேட்டேன். “ஆமா, பிச்சதான்” என்றீர்கள்.

ஹாலந்தில் பட்டுச்சேலை கண்காட்சிக்குப் போன அண்ணன் உங்களைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது ஆரணியே வேடிக்கை பார்த்தது. இரண்டே வருஷத்தில் நீங்கள் “வந்துகினே இருக்கேன்” என்று பேச ஆரம்பித்ததும் ஊர் உங்களை வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீங்கள் வேறு ஆள். எஸ்.டி.டி. பூத் கண்ணாடிக்குள் உங்கள் அம்மாவோடு சத்தமாகச் சண்டை போடுவீர்கள், சத்தமாகச் சிரிப்பீர்கள். வெளியே காத்திருப்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் எங்கேயோ பார்ப்பேன்.

உங்கள் அம்மா இறந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்குப் போக இடமில்லாமல் போயிற்று. ஒருநாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள். “எங்கம்மா கனவுல வந்தாங்க. தமிழ்ல பேசறாங்க. அவங்களுக்குத் தமிழ் எங்க தெரியும்?” நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. நூல் அறுந்துவிட்டது, குனிந்து முடிச்சுப் போட்டீர்கள். அந்த வாரம்தான் இந்தத் தாளை எழுதி, காப்பி எடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தீர்கள்.

திருவண்ணாமலைக்கு வெள்ளைக்காரர்கள் நிறைய வருகிறார்கள் என்று அங்கே லாட்ஜ், பேக்கரி, சைக்கிள் கடை எல்லாவற்றிலும் ஒட்டினோம். திரும்பி வருகிற வழியில் கலசப்பாக்கத்தில் இறங்கி, டீக்கடையிலும் ஒன்று ஒட்டச் சொன்னீர்கள். எந்த டச்சுக்காரன் இங்கே இறங்கி டீ குடிக்கப்போகிறான் என்று கேட்டேன். “நான் ஆரணியில குடிக்கறேனே” என்றீர்கள்.

விஷயம் பரவியதும் ஊர் முழுக்க உங்களுக்கு உதவி செய்யக் கிளம்பிவிட்டது. போளூர் பஸ் கண்டக்டர் ஒரு ஜெர்மன் பையனை நம் வாசலில் இறக்கிவிட்டு, “உங்க ஊர் ஆளும்மா, இட்டாந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு விசிலடித்துப் போனார். பாவம், அவன் சாத்தனூர் அணைக்குப் போகவேண்டியவன். ஒரு ரஷ்யக்காரம்மாவும் வந்தார். “எல்லாம் வெள்ளக்காரங்கதானே, இன்னா வித்தியாசம்?” என்று கேட்ட அண்ணனிடம் நீங்கள், “தெலுங்குக்காரரை இட்டாந்து உட்கார வெச்சா உங்களுக்குப் போதுமா?” என்றீர்கள். ஜெர்மன் பாஷை பாதி புரிந்ததாம். “ஆனா அவன்கூடச் சண்ட போட முடியாது. சண்ட போட முடியாத பாஷ இன்னா பாஷ?” என்று என்னிடம் தனியாகச் சொன்னீர்கள்.

இரண்டு வருஷம் தேடினோம். கடைசியில் ஒருவர் வந்தார், அப்பா செத்த அன்றைக்கு.

நீங்கள் மூத்த மருமகள். அப்பாவின் தலைமாட்டில் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள், எழுந்திருக்கக் கூடாது. இங்கிலீஷ் தெரிந்தவள் என்று யாரோ என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். பந்தலுக்கு வெளியே உயரமான ஒரு கிழவர். கையில் கறுப்புக் கோடு போட்ட நம் தாள், இன்னொரு கையில் உங்களுக்கென்று கொண்டுவந்த சின்னத் தகர டப்பா. பெல்ஜியத்துக்காரர், ரயில் ஓட்டி ரிட்டயரானவர், தன் தாய்மொழி டச்சு என்றார். பாடையைப் பார்த்து, மன்னியுங்கள் என்றும் சொன்னார்.

சாவு வீட்டில் வந்தவரை வாங்க என்று சொல்லக்கூடாது. போகிறவர்களும் சொல்லிக்கொள்ளாமல் போகவேண்டும். அது நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? நான் தலையை மட்டும் ஆட்டினேன். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. பறைச் சத்தத்தில் அரை மணி நேரம் அந்த டப்பாவோடு நின்றார். பிறகு படியருகே வந்து, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பி, தனக்குத் தெரிந்த தமிழை எழுத்தெழுத்தாகச் சொன்னார். “போயிட்டு வரேன்.”

பெரியம்மா பதறிப்போனாள். “ஐயோ, அப்டி சொல்லக்கூடாதுங்க. போங்க. போங்க.” இரண்டு கையையும் வேறு வீசினாள்.

ஒரு மாதம் திருவண்ணாமலையில் இருந்தவருக்கு அந்த ஒரு வார்த்தை புரியாமலா இருந்திருக்கும்? முகம் சிவந்துவிட்டது. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டப்பாவோடு நடந்தார். தெருமுனைக்கு முப்பது அடி. ஓடிப்போய் இரண்டு வாக்கியம் இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. அப்பா கிடக்கிறார், அழுகிற வீட்டில் நீங்கள் இன்னொருவரோடு இன்னொரு பாஷையில் பேசினால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. அந்த ஒரு நாளாவது நீங்கள் எங்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவேண்டும் என்று தோன்றியது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கருமாதி முடிந்த மறுநாள்தான் உங்களிடம் அவர் வந்ததைச் சொன்னேன். காபியைக்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டினீர்கள். திருவண்ணாமலையில் நாம் தாள் ஒட்டிய லாட்ஜில் விசாரித்தோம். நாலு நாளைக்கு முன்பே காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். விலாசம் எதுவும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். “எப்டிப் பேசினாரு? மெதுவாவா, ஜல்தியாவா?”

“இங்கிலீஷ்லதான் பேசினாரு அண்ணி.”

ஆரணியில் இறங்குவதற்கு முன்னால், “உங்க வழக்கம் எனக்கும் தெரியும்ல. நானும் அன்னிக்கி யாரையும் வாங்கன்னு சொல்லல” என்றீர்கள். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அதன்பிறகு நாம் எங்கேயும் தாள் ஒட்டவில்லை. மிச்சமிருந்த தாள் ஒன்று பீரோவுக்குப் போனது எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

போன வருஷம் மூளையில் ரத்தம் கசிந்து உங்களை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பதினாலு வருஷத் தமிழ் ஒரே நாளில் உங்களை விட்டுப் போயிற்று. இங்கிலீஷும் போயிற்று. அண்ணன் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு, “இன்னா வேணும், இன்னா வேணும்” என்று அழுதார். நீங்கள் டச்சில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். இரண்டாம் நாள் மத்தியானம் அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து நீளமாக ஏதோ சொன்னீர்கள். கடைசியில் கேள்வி கேட்கிற மாதிரி குரல் ஏறியது. என் பதிலுக்காகக் காத்திருந்தீர்கள். பூத்துக்கு வெளியே நின்று நான் கற்றுக்கொண்ட உங்கள் பாஷை ஒரே வார்த்தைதான். “யா” என்றேன். ஆமாம் என்று அர்த்தம். நீங்கள் மறுபடியும் அதையே சொன்னீர்கள். நான் மறுபடியும் “யா” என்றேன். மூன்றாவது தடவை சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு கண்ணை மூடினீர்கள். மறுநாள் காலையில் நீங்கள் இல்லை.

அதற்கு முதல்நாள் மத்தியானமே மருந்துச் சீட்டின் பின்னால் நீங்கள் சொன்னதைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதினேன். உங்கள் தொண்டையிலிருந்து வருகிற கரகரப்புக்கு நம்மிடம் எழுத்தில்லை, அங்கெல்லாம் ஃ போட்டேன். அந்தச் சீட்டு என் பர்சில்தான் இருக்கிறது. தினமும் ஒரு தடவையாவது மனசுக்குள் படித்துவிடுகிறேன், ஒன்றும் விளங்கவில்லை. ஊருக்கு அழைத்துப்போகச் சொன்னீர்களோ, அந்தக் கிழவரைக் கேட்டீர்களோ. வெறும் தண்ணீர் கேட்டிருந்தால்? ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேனே அண்ணி.

இன்று காலை பீரோவிலிருந்த தாளை எடுத்துப்போய் இருபது காப்பி எடுத்தேன். மெஷின் புதுசு, ஆனாலும் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே விழுந்தது. நாளைக்குத் திருவண்ணாமலை போகிறேன், கலசப்பாக்கத்திலும் இறங்குவேன். காபி தருகிறேன் என்று நீங்கள் எழுதியதை மாற்றவில்லை. யாராவது ஒருவர் வருவார். அன்றைக்கு நம் வீட்டில் பிணமே கிடந்தாலும் நான் வாசலுக்குப் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி “வாங்க” என்று சொல்லுவேன். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தச் சீட்டை எடுத்து அவரிடம் படித்துக் காட்டுவேன்.