சோதனைக்காகப் புதுப்பித்த பள்ளி வேன்களில் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுவது குறித்து

அனுப்புநர்:
லா. ஜோசபின்,
க/பெ. லாசர்,
விளாங்குடி, மதுரை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: பள்ளி வேன்களின் உள்ளே புதிதாகப் போடப்படும் ரெக்சின், பசை, தரைவிரிப்பு ஆகியவற்றிலிருந்து வெயிலில் கிளம்பும் ஆவி – பிள்ளைகளுக்கு வாந்தி, மயக்கம், இளைப்பு – பரிசோதனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். நான் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போன குடும்பப் பெண். அதற்கு மேல் தெரிந்துகொண்டதெல்லாம் எங்கள் பங்குக் கோவில் நூலகத்திலும் கைபேசியிலும் நானாகப் படித்தது. மனு எழுதுவது இதுவே முதல் தடவை. சொல்முறையில் பிழை இருந்தால் பொறுத்து, விஷயத்தை மட்டும் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. என் மகள் ஜெனிக்கு வயது ஒன்பது. விளாங்குடி, பரவை பக்கத்துப் பிள்ளைகள் பதினேழு பேருடன் நகருக்குள் இருக்கும் பள்ளிக்கு ஒரு வேனில் போய் வருகிறாள். அந்த வேன் என் கணவரின் உடன்பிறந்த தம்பி ஜினோவுக்குச் சொந்தம். ஓட்டுவதும் அவரே. ஆகவே தொழில் பொறாமையாலோ வேறு பகையாலோ நான் எழுதவில்லை. எங்கள் வீட்டு வண்டியைப் பற்றி நானே புகார் சொல்ல வேண்டியிருக்கிறது.

2. ஆண்டுதோறும் மே மாதம் பள்ளி வாகனங்களை அதிகாரிகள் மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பது தாங்கள் அறிந்ததே. அதற்குமுன் வண்டியைப் புதுசு போல ஆக்கிவிடுவது இங்கே எல்லா வேன்காரர்களின் பழக்கம். ஜினோவும் இந்த ஆண்டு பழைய சீட்டுத் துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு, புது ரெக்சின், புது கூரைத்துணி, தரைக்குப் புது விரிப்பு என்று எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டச் செய்தார். சோதனையில் தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, அவசர வழி, படிக்கட்டு உயரம் எல்லாம் சரியாக இருந்தன. அதிகாரிகள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் ஜினோவிடம் உள்ள சோதனைத் தாளை நான் வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். வண்டிக்குள் மூச்சு விடும் காற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

3. பள்ளி திறந்த முதல் நாளே ஜெனி தலைவலி என்று வந்தாள். மூன்றாம் நாள் வாந்தி எடுத்தாள். காலையில் சாப்பிடாமல் போவதால்தான் என்று அவளைத் திட்டினேன். நாலாம் நாள் "வேன்ல ஏற மாட்டேம்மா, உள்ள போனா கண்ணு எரியுது" என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பள்ளிக்கு மட்டம் போடுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டேன். பொய் சொன்னதற்காக அன்று மாலை அவளை முழங்காலில் நிற்க வைத்து ஜெபம் சொல்ல வைத்தேன். அவள் பொய் சொல்லவில்லை.

4. ஜினோவிடம் வாசனையைப் பற்றிக் கேட்டேன். "மதினி, புது வண்டின்னா புது வாசனை அடிக்கத்தான் செய்யும். வேணும்னா ரெண்டு கோழிக்கூண்ட ஏத்தி இறக்கி, பழைய வாசனை வர வச்சிரவா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு நில்லாமல், வாசனை போகட்டும் என்று மல்லிகை மணம் வரும் குப்பிகள் இரண்டை வாங்கிக் கொடுத்து வண்டியில் மாட்டச் சொன்னேன். மறுநாள் வாந்தி எடுத்த பிள்ளைகள் நான்கு பேர். அந்தத் தவறு என்னுடையது. இதை எழுதாமல் விட்டால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

5. ஜெனிக்கு இளைப்பு வந்து நெஞ்சு விசில் போலச் சத்தமிட்டபோது, எங்கள் தெரு முனையில் உள்ள டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல புதுசா பெயிண்ட் அடிச்சீங்களா?" இல்லை என்றேன். "அப்ப பிள்ள வேற எங்க புது வாசனைக்குள்ள உக்காந்துட்டு வருது?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

6. பால், சிலிண்டர், அரிசி என்று எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். ஜூன் 9 முதல் அதே நோட்டில் வேனையும் எழுத ஆரம்பித்தேன். தினமும் மாலை ஜெபம் முடிந்ததும் ஜெனியைக் கேட்டும், மற்ற தாய்மார்களுக்குப் போன் செய்தும் எழுதியது. ஜூலை 4 வரை இருபது பள்ளி நாட்கள். வாந்தி மொத்தம் இருபத்து மூன்று தடவை. அதில் பதினாறு, மாலை திரும்பும்போது. காலை எடுத்த ஏழில் ஐந்து, திங்கட்கிழமைகளில். மழை பெய்து குளிர்ந்த இரண்டு நாட்களில் ஒன்றுமே இல்லை.

ஏன் மாலை, ஏன் திங்கள் என்று பல நாள் யோசித்தேன். காலை பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வேன் பள்ளிச் சுவரோரம் வெயிலில்தான் நிற்கிறது. புழுதி ஏறாமல் இருக்கவும், யாரும் எதையும் எடுத்துவிடாமல் இருக்கவும் ஜினோ எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுப் போகிறார். சனி, ஞாயிறும் அப்படியே, எங்கள் வீட்டு எதிர்த் திடலில், நிழலில்லாத இடத்தில். பூட்டி வைத்த சூட்டில் எது கிளம்புகிறதோ அது போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. பிள்ளைகள் அதற்குள்தான் ஏறுகிறார்கள்.

7. இது என் கற்பனையோ என்ற சந்தேகத்தில், ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, மதியம் இரண்டு மணிக்குப் பூட்டிய வேனில் ஏறி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். அதன் ஐந்து பத்துகளில் நான்காவதைத் தாண்ட முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, தொண்டை காந்தியது, இறங்கும்போது கால் தடுமாறியது. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் எல்லாக் கண்ணாடியையும் கதவுகளையும் ஒரு முழு ஜெபமாலை சொல்லும் நேரம், இருபது நிமிடம் போல, திறந்து வைத்துவிட்டுப் பிறகு உட்கார்ந்தேன். சொல்லி முடித்தேன். சூடு இருந்தது, எரிச்சல் குறைந்திருந்தது. முன்கண்ணாடியின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்ததில் எண்ணெய்ப் பிசுக்கு போல மஞ்சளாக ஒட்டியது. அதே ஆவி கண்ணாடியில் படிந்தது என்று நினைக்கிறேன். துணியை உறையிலிட்டு இணைத்துள்ளேன்.

8. சீட்டுப் போட்டுக் கொடுத்த கடைக்கும் நேரில் போனேன். "அக்கா, எல்லா வண்டிக்கும் இதே கம்முதான். ஒரு வாரத்துல வாசம் போயிரும். இம்புட்டு வருசமா போடுறோம், யாரு செத்துப் போனா?" என்றார் கடைக்காரர். மூக்கை இரண்டு மடிப்புத் துண்டால் கட்டிக்கொண்டு வேலை பார்த்தபடியே அப்படிச் சொன்னார். பசை டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன். டப்பாவில் ஒட்டியிருந்த தாள் எப்போதோ கிழிந்துவிட்டதாம்.

9. இப்படிப்பட்ட பசை, பிளாஸ்டிக், ரெக்சினிலிருந்து பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்றவை சூட்டில் ஆவியாக வரக்கூடும் என்றும், முன்னது நெடுங்காலம் சுவாசித்தால் இரத்தத்தில் புற்றுநோய் வரை கொண்டுபோகும், பின்னது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் என்றும் படித்தேன். வாயில் நுழையாத பெயர்கள். எழுத்துக்கூட்டி எழுதியுள்ளேன். ஜினோவின் வண்டியில் இருப்பது இதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை, கருவியும் இல்லை. அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

10. கடைசியாக, நான் வீட்டோடு பேசித் தீர்க்காமல் மனுவாகக் கொண்டுவந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

பரவையில் தோட்டம் வைத்திருக்கும் அழகுபாண்டி அவர்களின் மகள் திவ்யாவுக்கு வயது ஐந்து. காலையில் முதலில் ஏறுவதும் மாலையில் கடைசியாக இறங்குவதும் அவள்தான். ஜூன் 30, திங்கள் மாலை, அவள் வீட்டு வாசலில் வேன் நின்றபோது அவள் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறாள் என்று ஜினோ தூக்கினார். தலை தொங்கிப்போயிற்று. வரப்பில் படுக்க வைத்து, தண்ணீர் தெளித்து, காற்று விசிறிய பிறகுதான் கண் திறந்தாள்.

அழகுபாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒங்க கொழுந்தன்னு ஒரு வார்த்தை பேசாம போறேன்க்கா. ஆனா எம்பிள்ளய இனி அதுல ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை முதல் வேறொருவர் வேனில் அனுப்பினார். அவர் செய்தது நியாயம். வெள்ளிக்கிழமை அந்த வேனிலும் திவ்யா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நானே போய் அந்த வண்டியில் ஏறிப் பார்த்தேன். அதே நிற ரெக்சின், அதே நெடி, கண்ணாடியில் அதே மஞ்சள் பிசுக்கு. அந்த வேன்காரரும் மே மாதச் சோதனைக்காகவே சீட்டு மாற்றியிருக்கிறார்.

அன்று இரவு இதை ஜினோவிடம் சொன்னேன். அதுவரை, "மனு கினுன்னு போனா வண்டிய பிடிச்சு வச்சிருவாங்க மதினி, நான் பிச்சைதான் எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தினமும் தனக்கும் மண்டை வெடிப்பது போல வலிப்பதாகவும், மாத்திரை போட்டுக்கொண்டே ஓட்டுவதாகவும் ஒப்புக்கொண்டு, மீந்துபோன ரெக்சின் துண்டை அவர் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் இணைப்பில் உள்ளது.

ஆகவே அய்யா அவர்களைக் கேட்டுக்கொள்வது:

அ) இணைத்துள்ள ரெக்சின் துண்டையும் துணியையும், வேனுக்குள் இருக்கும் காற்றையும் உரிய ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்க உத்தரவிட வேண்டும். ஜினோ வண்டியைக் கொண்டுவரத் தயாராக உள்ளார். வெயிலில் பூட்டி நின்ற வண்டியையே சோதிக்க வேண்டும். காலைக் குளிரில் சோதித்தால் ஒன்றும் தெரியாது.

ஆ) முடிவு வரும்வரை, பிள்ளைகள் ஏறும் முன் அரைமணி நேரம் கதவு, கண்ணாடிகளைத் திறந்து வைக்கவும், பகலில் நிழலில் நிறுத்தவும், நறுமணக் குப்பிகளை எடுத்துவிடவும் எல்லாப் பள்ளி வேன்களுக்கும் சொல்ல வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

இ) இனி மே மாதச் சோதனையில், சீட்டுப் பளபளப்பாக இருக்கிறதா என்பதோடு, என்ன பசை போட்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஈ) ஜினோவின் வண்டியையோ மற்றவர் வண்டியையோ பறிமுதல் செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். அவர்கள் தங்கள் அதிகாரிகளுக்கு வண்டியை நல்லபடியாகக் காட்ட நினைத்துத்தான் இதைச் செய்தார்கள்.

திவ்யா வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எந்த வேனிலும் ஏறவில்லை. இன்று பள்ளிக்கும் போகவில்லை. "எந்த வண்டியில ஏத்தலாம், நீங்களே சொல்லுங்கக்கா" என்று அவள் அப்பா நேற்று என்னைக் கேட்டார். பதினெட்டுப் பிள்ளைகளின் வீட்டுக்கும் அந்தப் பதிலைத் தாங்கள்தான் தர வேண்டும்.

இணைப்பு: நோட்டின் நகல், டாக்டர் சீட்டு, துணி, ரெக்சின் துண்டு.

இடம்: மதுரை
நாள்: 07.07.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) லா. ஜோசபின்

மனுவை அறிந்து சம்மதிப்பவர்:
(ஒப்பம்) ஜினோ, வேன் உரிமையாளர்