விரிசல் மூடும் சுண்ணம்

கருநீராறு இரு கரைக்கும் குறைவின்றி நீர் தருக. கார் முறை தவறாது பொழிக. மேல்கரை வெள்ளருவி நாட்டை ஆளும் ஒன்பது குன்றுக்கு உடையார், அரசியார் தூயமணி நாச்சியார் திருமுன்பு, கீழ்கரை ஏழ்மதகு நாட்டு மன்னர் சேந்தன் பெருங்கோ எழுதுவித்து அனுப்பும் ஓலை. அங்கே அரண்மனையும் குடிகளும் கன்றுகாலிகளும் நலமென்று கேட்க விழைகிறோம். இங்கே நலம். உள்ளதைச் சொன்னால், மூன்று நாளாகத்தான் நலம்.

புரட்டாசி இருபத்தைந்தாம் நாள் நாம் ஓர் ஓலை விடுத்திருந்தோம். உங்கள் நாட்டில் பிறந்த சுண்ணாம்புக்காரி பேராச்சி எம் மன்றத்தை ஏமாற்றியவள், அவள் காளவாயை அணைத்துக் காவல் போடுங்கள் என்று அதில் கேட்டிருந்தோம். அந்த ஓலை செல்லாது. காளவாய் அணைந்திருக்குமானால், இதைப் படித்து முடிக்கும் முன்பே ஆள் அனுப்பி மூட்டச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லுகிறோம்.

எம் தலைநகரில் புதுவினை மன்றம் என்று ஒன்று உண்டு; நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எவரும் செய்யாத ஒன்றை முதலில் செய்தவர், அதன் செய்முறையை ஒளிவுமறைவின்றி ஓலையில் எழுதி அங்கே ஒப்படைத்தால், பன்னிரண்டு ஆண்டுக்கு அது அவருக்கே தனியுரிமை. பிறகு அந்த ஓலை நாற்சந்தியில் வாசிக்கப்படும். ஊரே செய்து பிழைக்கலாம். வரும் விண்ணப்பங்களைப் பிரித்து வைக்க மன்றத்தில் தட்டுகள் மூன்று. கோமாரிக்கு அசையாத மாட்டினமும் உப்புநீரில் விளையும் நெல்லும் உயிர்த்தட்டில் பதிவாகும். துருவேறாத இரும்பும் மழை இறங்காத துணியும் பொருள்தட்டில். ஒருவர் சுற்றினால் நால்வர் வேலை செய்யும் கல்லைத் துளைக்கும் துரப்பணம் போன்றவை கருவித்தட்டில்.

எழுதிக் கொடுத்தது முழுமைதானா என்று அறிய 'அயலான் சோதனை' உண்டு. அந்தத் தொழிலே தெரியாத ஒருவரைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அவர் மன்றத்துப் பாத்திரங்களைக் கொண்டு, ஓலையில் உள்ளபடி மட்டும் செய்து பார்க்க வேண்டும். உரியவர் ஓலைத்தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், வாய் திறக்கலாகாது. மூன்று தடவைக்குள் வராவிட்டால், முக்கியமானதை எழுதாமல் ஒளித்தார் என்று பொருள். ஒளித்தவர் வாழ்நாளில் அந்தத் தொழிலையே தொடக்கூடாது.

நாற்பது வயதில், கணவனை இழந்து, காளவாய் ஒன்றே கதியென்று இருந்த பேராச்சி கொண்டுவந்தது ஒரு சுண்ணம். சுண்ணாம்பு, ஆற்று மணல், கடுக்காய் நீர், கருப்பட்டி, கற்றாழைச் சாறு என எல்லாரும் அறிந்த சரக்குதான். ஆனால் அவள் பூசிய சுவரில் விரிசல் விழுந்தால், தண்ணீர் பட்ட சில நாளில் அந்த விரிசல் தானே மூடிக்கொள்ளும். புண் ஆறுவதுபோல ஆறும். உங்கள் எல்லையில் அவள் பூசிய கிணறு ஒன்றில் நான்காண்டாக ஒரு சொட்டு கசியவில்லை என்று எம் ஆட்களே பார்த்து வந்தார்கள்.

எமக்கு அது அப்போது எவ்வளவு தேவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரு நாட்டுக்கும் பொதுவான இரட்டைக்கரை அணையில், எம் பாதியில் மூன்றாம் மதகுச் சுவர் வெடித்துவிட்டது. கீழே பன்னிரண்டு ஊர். ஐப்பசி மழைக்கு முன் அடைத்தாக வேண்டும். சோதனையில் தேறாத எதையும் அணையில் பூசக்கூடாதென்பது எம் பாட்டனார் காலத்துச் சட்டம்.

சீட்டில் வந்தவர் பொற்கொல்லர் ஆதன். துப்புரவுக்குப் பேர் போனவர். தம் பட்டறையில் விழும் தூசியைக் கூடச் சலித்துப் பார்ப்பவர். மன்றத்துக் குடத்தையும் துடுப்பையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கொதிநீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்துவிட்டே வேலையைத் தொடங்கினார். ஓலையில் இருபத்தோரு வரி. ஒரு வரி பிசகவில்லை. சுண்ணத்தை ஏழு நாள் ஊறவைத்து, உடைந்த செங்கல்லை அதனால் ஒட்டி, நீர்த்தொட்டியில் தொங்கவிட்டு, ஒன்பதாம் நாள் எடுத்துப் பார்த்தார். விரிசல் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே இருந்தது.

இரண்டாம் தடவையும் அதே கதை.

தட்டிக்குப் பின்னால் பேராச்சி முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த மனிதர் எங்கே தப்பு செய்கிறார் என்று கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு தப்பும் தெரியவில்லை. தன்னைவிட நன்றாகவே செய்கிறார் என்றுதான் பட்டது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

மன்ற முதல்வர் வெண்ணிலையார் அவளை அழைத்து, எதையாவது விட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுமாறு நயமாகவே கேட்டார். மன்றத்தில் பேசுவதைப் பேசியபடியே பதிய வேண்டும், எழுத்தர் திருத்தக்கூடாது என்பது முறை. ஆதலால் அவள் சொன்னது அப்படியே இருக்கிறது: "எழுதினது அத்தனையும் நெசம்ங்க. இதுக்கு மேல என் வகுத்துல வேற ஒண்ணும் இல்ல."

அப்படியானால் நீயே செய் என்றார் முதல்வர். எல்லார் கண்ணெதிரே, மன்றத்துப் பாத்திரத்தில், மன்றத்துத் துடுப்பால் அவள் கிண்டினாள். ஒன்பதாம் நாள் தொட்டியிலிருந்து அவள் கையாலேயே கல்லை எடுத்தாள். விரிசல் மூடவில்லை.

சபை சலசலத்தது. செய்யத் தெரிந்தவளே செய்தும் வரவில்லை என்றால், வேண்டுமென்றே கெடுத்தாள் என்றது ஒரு பக்கம். கிணற்றுக் கதையே கட்டுக்கதை என்றது மறுபக்கம். இனி ஆதனுக்கு மூன்றாம் தடவை எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அவள் இங்கே தங்கியிருந்த இடத்தைச் சோதித்து, அவள் கையோடு கொண்டுவந்திருந்த பழைய துடுப்பைக் கைப்பற்றி, குற்றஞ்சாட்டப்பட்டவர் கருவியை முறிப்பது என்ற வழக்கப்படி இரண்டாக முறித்து விறகுக்கு அனுப்பினார்கள். தீர்ப்புக்கு முத்திரை விழ இரண்டு நாள் இருக்கும்போதே, மழை பயத்தில் நாமும் அவசரப்பட்டு உங்களுக்கு அந்த ஓலையை எழுதினோம். பிழை எம்முடையது.

முத்திரை நாள் வந்தது. குற்றவாளி கடைசியாக ஒரு தடவை தன் பொருளைத் தொட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பழைய சலுகை உண்டு. வழக்கமாக எவரும் அதைக் கேட்பதில்லை. பேராச்சி கேட்டாள். குடத்தை மடியில் வைத்து, முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. அழுகிறாள் என்று எண்ணி எழுத்தரே எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் அழவில்லை. நிமிர்ந்து, முதல்வரைப் பார்த்துச் சொன்னாள்: "வாசனை வரலைங்க. மூணாம் நாளே பழையசோத்துத் தண்ணி கணக்கா ஒரு புளிச்ச வாடை தூக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. இது செத்துக் கெடக்குதுங்க."

அதை ஏன் ஓலையில் எழுதவில்லை என்று அதட்டினார் ஓர் அதிகாரி. வாடையை யாராவது எழுதுவார்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். சிலர் சிரித்தார்கள். வெண்ணிலையார் சிரிக்கவில்லை. கையில் முத்திரையைப் பிடித்தபடியே இருந்தார். செத்தது என்கிறாளே, செத்ததென்றால் முன்பு உயிரோடு இருந்திருக்க வேண்டுமே. இந்த விண்ணப்பம் வந்த நாளில், சுண்ணாம்புதானே என்று அதைப் பொருள்தட்டில் போட்டவர் அவர்தான். பொருள்தட்டுச் சோதனைக்குப் பாத்திரங்களைச் சுட்டுக் கழுவ வேண்டும் என்று விதி செய்தவரும் அவர்தான்.

அவர் கேட்டது ஒரே கேள்வி: வீட்டில் செய்யும்போது குடத்தையும் துடுப்பையும் எப்படிக் கழுவுவாய்?

பேராச்சி கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். "குடம் ஒவ்வொரு தடவையும் புதுசுங்க. துடுப்பைக் கழுவுறதே இல்ல. ஏழு வருசமாச்சு. தப்புதான்."

பால் தோய ஒரு கரண்டி உறைமோர் வேண்டும் என்பது மன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவர்கள் வீடுகளில் நாள்தோறும் நடப்பதுதான். சுண்ணத்துக்கும் அப்படி ஓர் உறை உண்டென்றும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த மரத்தின் இழைக்குள் ஏழாண்டாகக் குடியிருந்து, கருப்பட்டியைத் தின்று, விரிசலை அடைத்துக்கொண்டிருந்தது என்றும் எவருக்கும் தோன்றவில்லை. செய்தவளுக்கே தெரியாது. தெரியாததை அவள் எப்படி எழுதுவாள்?

வெண்ணிலையார் முத்திரையைப் போட்டுவிட்டு எழுந்தார். போட்டது தீர்ப்பின் மேல் அன்று, தரையில். அறுபது வயதுக்காரர் மேலாடை நழுவ மடைப்பள்ளிக்கு ஓடினார் என்றால் நம்புங்கள். பின்னால் ஆதன், அவர் பின்னால் பேராச்சி, பிறகு காவலர். துடுப்பு விறகுக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அடுப்பு மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. விறகுக் குவியலைக் கலைத்தார்கள், இல்லை. சாம்பலைக் கிளறினார்கள், அதில் என்ன தெரியும்? ஆதன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலைமைச் சமையற்காரர் கதவுப் பக்கம் கைகாட்டினார். காற்றில் அடித்துக்கொள்ளாதபடி அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது முறிந்த துடுப்பின் ஒரு பாதி. "ரெண்டுல ஒண்ணை எரிச்சுப் பார்த்தேனுங்க. மகா நாத்தம். அரசருக்கு வெக்கிற சோத்துல அந்தப் புகை ஏறுமேன்னு இதை அடுப்புல வெக்கலை" என்றார்.

பேராச்சி அதைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். வாடை அப்படியே இருந்தது. கதவோரமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எஞ்சியிருந்த மூன்றாம் தடவைச் சோதனை அன்று மாலையே தொடங்கியது. ஆதன்தான் செய்தார். எதையும் தேய்க்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. தாம் இரண்டு தடவையும் சுத்தம் செய்ததாக எண்ணிக் கொலையல்லவா செய்திருக்கிறோம் என்று புலம்பிக்கொண்டே கிண்டினார். மூன்றாம் நாள் காலை மன்றம் முழுவதும் புளித்த வாடை. எவரும் மூக்கைப் பொத்தவில்லை.

மேற்கே மழை கட்டிவிட்டது. ஒன்பது நாள் பொறுக்க முடியாது. வாடை வந்ததே போதும், பொய்த்தால் என் பதவி போகட்டும் என்று வெண்ணிலையார் எழுதிக் கொடுக்க, பாட்டனார் சட்டத்தை இந்த ஒரு தடவைக்கு நாம் நிறுத்திவைத்தோம். அந்த உறையை எட்டுக் குடமாகப் பெருக்கி, பேராச்சியே இடுப்பளவு நீரில் நின்று மூன்றாம் மதகுச் சுவரைப் பூசினாள். ஆறாம் நாள் வெள்ளம் வந்தது. முதல் இரண்டு நாள் சுவரில் நூலளவு கசிவு. மூன்றாம் நாள் காலை கசிந்த இடம் வெள்ளையாகப் பூத்து, கெட்டியாகி, தொட்டால் காய்ந்திருந்தது. பன்னிரண்டு ஊரிலும் அடுப்பு எரிகிறது. மன்றத்துத் தொட்டியில் தொங்கிய ஆதனின் கல்லும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கையால் முறித்துப் பார்த்த காவலர், கல்தான் வேறிடத்தில் உடைகிறது என்றார்.

ஆகவே பேராச்சிக்குப் பன்னிரண்டு ஆண்டுத் தனியுரிமை முழுதாக அளிக்கப்பட்டது. அவள் ஓலையில் இருபத்திரண்டாம் வரியாக உறையும், இருபத்து மூன்றாம் வரியாக வாடையும் சேர்க்கப்பட்டன. இனி உயிருள்ளது எதுவாயினும், ஓலையோடு அதன் உறையையும் மன்றத்தில் ஒப்படைக்க வேண்டும், மன்றம் அதற்கு நாள்தோறும் தீனி போட்டு வளர்க்க வேண்டும் என்று புது விதி எழுதப்பட்டது. தட்டு மாற்றிப் போட்ட பிழை தம்முடையதென்று இவ்வோலையில் பெயர் சொல்லியே எழுதச் சொன்னவர் வெண்ணிலையார், அவ்வாறே எழுதினோம்.

இனி உங்கள் பாதி. மேல்கரைச் சுவரிலும் மயிரிழை விரிசல்கள் உண்டென்று எம் படகோட்டிகள் சொல்லுகிறார்கள். அடைமழைக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. பேராச்சி வருகிற பௌர்ணமியன்று மாட்டுவண்டியில் உங்கள் எல்லைக்கு வருவாள். மடியில் ஒரு குடம் இருக்கும்.

அதனால் இரு நாட்டு எல்லைக் காவலருக்கும் பொதுவாக இந்த ஆணை. அரசியாரும் தம் முத்திரையை எம் முத்திரைக்குப் பக்கத்தில் வைத்தருள்க. அந்தக் குடத்தைத் திறந்து பார்க்கலாகாது. வெயிலில் இறக்கி வைக்கலாகாது. நாற்றம் என்று எவரும் முகம் சுளிக்கலாகாது. கழுவித் தருகிறோம் என்று அன்போடு சொல்பவரை அருகிலேயே விடலாகாது. பொழுது சாயும்போது குடத்துக்குக் கருப்பட்டித் தண்ணீர் ஊற்ற வண்டி நிற்கும். அது ஊற்றி முடியும் வரை பின்னால் வருவது அரசர் தேரேயாயினும் காத்திருக்க வேண்டும்.

ஐப்பசி பத்தாம் நாள், ஈர மதகின் மேல் நின்று, சேந்தன் பெருங்கோ இட்ட முத்திரை. ஆறு உள்ளளவும் இச்சொல் நிற்க.