சம்பந்தியோடு ஒரு சறுக்கல்

1973 பிப்ரவரி, சனி ராத்திரி. மோன்ட்ரியல்.

இன்றைக்கு நான்தான் ஜெயித்தேன்.

கல்யாணப் பந்தியில் நான் செய்த கிண்டலிலிருந்து மருமகள் வசந்தாவின் அப்பா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. ஒரே அறையில் இருந்தாலும், "அவரைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்று மகள் வழியாகத்தான் சேதி வரும். மாசமாய் இருக்கிற பெண், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். நாளைக்கு அவர் மெட்ராஸ் திரும்புகிறார். இப்படியே போனால் அவள் அழுதுவிடுவாள்.

மகன் எங்களைப் பணக்காரர்கள் பனிச்சறுக்கு ஆடும் மலை ஊருக்குக் கூட்டிப்போனான். காலில் கட்டை கட்டிச் சறுக்கக் கிழவர்களுக்கு ஏது தெம்பு? குதிரை வண்டியில் சுற்றினோம். பனியில் ஊற்றிய மேப்பிள் பாகைக் குச்சியில் சுருட்டித் தின்றோம். அப்போதும் பேச்சில்லை.

பிறகுதான் இரண்டு பேர் உட்கார்ந்து சரிவில் இறங்கும் சறுக்குப் பலகையைப் பார்த்தேன்.

"உங்கப்பாவுக்குப் பயம்மா, விட்டுடு" என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தேன்.

"யாருக்குப் பயம்னு அவரையே கேளும்மா" என்று என் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

வசந்தா மேலேயே நின்றுவிட்டாள். பாதிச் சரிவில் பலகை கோணிக்கொண்டது. சேதி சொல்ல ஆளில்லை. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "யோவ் சம்பந்தி, காலை ஊணும்யா" என்று கத்தினார்.

"யாரைச் சொல்றீங்க?"

"உம்மைத்தான்யா."

இரண்டு பேரும் பனியில் உருண்டோம். மீசையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இன்னொரு தரம் போலாம். இந்தத் தடவை நான் முன்னாடி" என்றார்.

இப்போது பக்கத்து அறையில் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, எனக்கும் வேணுமா என்று அவரே கத்துகிறார். போகிறேன்.